அறைக்குள் நுழையும் வெளி இரைச்சல்: எங்கே அடைப்பது, எதைக் கனமாக்குவது

சாலையைப் பார்த்த படுக்கையறைக்குள் வாகன இரைச்சலும், பொதுச் சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டாரின் பேச்சும் ஓயாமல் கேட்கின்றன. சுவர்களில் நுரைப் பலகைகளை ஒட்டினால் இவை நிற்குமா, நிற்காதென்றால் வேறென்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நுரைப் பலகைகளால் வெளிச் சத்தம் நிற்காது. முட்டை அடுக்கும் அட்டைத் தட்டுகளாலும் நிற்காது. காற்றுப் புகும் இடுக்குகளை அடைப்பது, சத்தம் வரும் வழியில் கனமான பொருளை நிறுத்துவது, இரண்டு கனமான அடுக்குகளுக்கு நடுவே போதிய இடைவெளி விடுவது ஆகிய மூன்றுமே வெளிச் சத்தத்தைக் குறைக்கின்றன. இவற்றை அறையின் எந்த இடத்தில் செய்ய வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. பெரும்பாலான அறைகளில் அந்த இடம் ஜன்னலாகவோ கதவாகவோ இருக்கிறது. சுவராக இருப்பது அரிது.

நுரை ஏன் உதவாது என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனெனில் வீணாகும் செலவில் பெரும்பகுதி இங்கேதான் வீணாகிறது. ஒலியை உறிஞ்சுவது வேறு, ஒலியைத் தடுப்பது வேறு. 1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எதிரொலி மிகுந்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீராக்க முனைந்த வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர், இருக்கை மெத்தைகளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து அடுக்கி, அவை எவ்வளவு ஒலியை உறிஞ்சுகின்றன என்று அளந்தார். உறிஞ்சும் திறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். தன்மேல் விழும் ஒலியில் எதையும் அறைக்குள் திருப்பி அனுப்பாததால், திறந்த ஜன்னலே முழுமையான உறிஞ்சி என்று அவர் கணக்கிட்டார். அந்தத் திறந்த ஜன்னல் வெளிச் சத்தத்தை எவ்வளவு தடுக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிடும். நுரைப் பலகை காற்றோட்டமுள்ள, எடையற்ற பொருள். அறைக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்புவதை அது குறைக்கும். சுவரை ஊடுருவி வரும் ஒலிக்கு அது தடையே இல்லை. அறையின் மொத்த உறிஞ்சும் திறனை இருமடங்காக்கினால்கூட உள்ளே எதிரொலித்துத் தங்கும் ஒலியின் அளவு 3 டெசிபல் மட்டுமே குறையும். மெத்தை, துணிகள், திரைச்சீலை எல்லாம் இருக்கும் படுக்கையறையில் அந்த இருமடங்கை எட்டுவதே கடினம்.

டெசிபல் என்ற அலகு மடக்கை அளவில் அமைந்தது என்பதால், எண்களை வழக்கமான கணக்கில் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஒலியின் ஆற்றல் பாதியாகக் குறைந்தால் 3 டெசிபல் இறங்குகிறது. காது அதைச் சற்றே உணர்கிறது. ஆற்றல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து 10 டெசிபல் இறங்கும்போதுதான் சத்தம் பாதியாகிவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. எனவே 2, 3 டெசிபல் குறைக்கும் ஒரு பொருளை மட்டும் வாங்கி மாட்டிவிட்டுப் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட சமூக இரைச்சல் வழிகாட்டுதல்கள், நல்ல உறக்கத்துக்குப் படுக்கையறையின் சராசரி இரைச்சல் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், இடையிடையே எழும் தனிச் சத்தங்கள் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கின்றன. போக்குவரத்து மிகுந்த சாலையோர வீட்டின் முகப்பில் 70 டெசிபல் இருக்குமானால், உங்கள் அறையின் வெளிப்புறம் மொத்தமாக 40 டெசிபல் அளவுக்குத் தடுத்தாக வேண்டும். இது எட்டக்கூடிய இலக்குதான், ஆனால் ஒட்டுவேலைகளால் எட்டக்கூடியது அன்று.

எதையும் வாங்கும் முன் சத்தம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். காற்று வழியாக வரும் சத்தம் ஒரு வகை. வாகனம், பேச்சு, நாய் குரைப்பு போன்றவை அதில் அடங்கும். கட்டடத்தின் உடல் வழியாக அதிர்வாக வரும் சத்தம் இன்னொரு வகை. மேல்மாடியில் நடப்பது, நாற்காலியை இழுப்பது, மோட்டாரின் உறுமல் ஆகியவை அதைச் சேர்ந்தவை. ஜன்னலைத் திறந்தால் சத்தம் பெரிதாகக் கூடி, மூடினால் பெரிதாகக் குறைந்தால் அது காற்று வழிச் சத்தம். ஜன்னல் திறந்தாலும் மூடினாலும் ஒரே மாதிரி கேட்டு, சுவரிலோ தரையிலோ காதை வைத்தால் இன்னும் உரத்துக் கேட்டால், அது பெரும்பாலும் அதிர்வுச் சத்தம். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. இதைச் செய்யாமல் ஜன்னலை மாற்றியவர்களுக்கு மோட்டார் உறுமல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கத் தொடங்கும், ஏனெனில் அதை மறைத்துக்கொண்டிருந்த சாலை இரைச்சல் போய்விடுகிறது.

காற்று வழியாக வருவதுதான் என்று தெரிந்த பிறகு இடுக்குகளைத் தேடுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒருவரை ஜன்னல் சட்டத்தையும் கதவு நிலையையும் சுற்றி வலுவான விளக்கைப் பிடிக்கச் சொன்னால் ஒளிக்கீற்றுகள் இடுக்குகளைக் காட்டிக்கொடுக்கும். வளைந்து செல்லும் இடுக்குகளை ஒளி காட்டாது. ஒரு மெல்லிய தாள் கீற்றைச் சட்டத்தின் ஓரமாக நகர்த்தினால் காற்றுள்ள நாளில் அது அசையும் இடங்கள் தெரியும். அரை மீட்டர் நீளமுள்ள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்துக்கொண்டு மறுமுனையைச் சட்டத்தின் ஓரமெல்லாம் நகர்த்திக் கேட்பது இன்னும் நல்ல முறை. கைபேசிச் செயலிகள் காட்டும் டெசிபல் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்; ஆனால் ஒரே கைபேசியை ஒரே இடத்தில் வைத்து, வேலைக்கு முன்னும் பின்னும் சில நிமிடங்கள் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது போதும்.

இடுக்குகளுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். பூச்சுடன் கூடிய 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர் ஏறத்தாழ 50 டெசிபல் தடுக்கும். அந்தச் சுவரின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு, 25 டெசிபல் மட்டுமே தடுக்கும் சுமாரான ஜன்னல் என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்த சுவர் முழுவதும் 35 டெசிபல்தான் தடுக்கும். இப்போது பெரும் செலவில் சுவரை மட்டும் 60 டெசிபல் தடுக்கும்படி ஆக்கினாலும் மொத்தக் கணக்கு அதே 35இல் நிற்கும், ஏனெனில் உள்ளே வரும் ஒலி ஏறக்குறைய முழுவதும் ஜன்னல் வழியாக வருகிறது. ஓட்டைப் பானையின் வாயை உயர்த்திக் கட்டியதற்கு ஒப்பான வேலை அது. அதே செலவில் ஒரு பகுதியைக் கொண்டு ஜன்னலை 35 டெசிபலுக்கு உயர்த்தினால் மொத்தம் 44 டெசிபலுக்கு வந்துவிடும். திறந்த இடுக்கு இன்னும் மோசமானது, அது எதையுமே தடுப்பதில்லை. பரப்பில் 1 விழுக்காடு திறந்திருந்தால், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது, 0.1 விழுக்காடு திறந்திருந்தால் 30 டெசிபல்தான் எல்லை. 90 சென்டிமீட்டர் அகலக் கதவின் அடியில் 1 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், அது கதவுப் பரப்பில் ஏறத்தாழ அரை விழுக்காடு. அந்தக் கதவு தேக்காக இருந்தாலும் இரும்பாக இருந்தாலும் சுமார் 23 டெசிபலோடு நின்றுவிடும்.

ஆகவே முதல் வேலை அடைப்பது. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விரிசல் விட்ட பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, இறுகி வெடிக்காத சிலிக்கோன் அல்லது அக்ரிலிக் சீலன்ட்டை (இடுக்கடைக்கும் பசையை) நிரப்புங்கள். விரல் நுழையும் அளவுக்குப் பெரிய இடுக்கு என்றால் சிமெண்ட் கலவையால் நிரப்பிய பிறகே சீலன்ட் இட வேண்டும். பீய்ச்சியதும் உப்பி நிற்கும் பாலியூரித்தேன் நுரை காற்றை அடைக்கும், ஆனால் அதற்கு எடை கிடையாது. அதை மட்டும் நம்பாமல் இரு பக்கமும் கலவையாலோ கனமான சீலன்ட்டாலோ மூடுவது நல்லது. குளிர்சாதனக் குழாய் நுழையும் துளை, இணையக் கம்பி நுழையும் துளை, பொதுச் சுவரின் இரு புறமும் நேருக்கு நேராகப் பதித்த மின் இணைப்புப் பெட்டிகள் (இவற்றைத் தொடும் முன் மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும்), சுவரைத் துளைத்துப் பொருத்திய வெளியேற்று விசிறி, கூரையோரத்துக் காற்றுத் துளைகள் ஆகியவற்றைப் பலரும் கவனிப்பதில்லை. பொதுச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுப் பேச்சின் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன என்றால், குற்றவாளி சுவரின் தடிமனாக இருப்பதைவிட இத்தகைய துளையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முணுமுணுப்பாக மட்டும் கேட்டால்தான் சுவரைச் சந்தேகிக்க வேண்டும்.

திறந்து மூடும் பகுதிகளில் ஜன்னலின் வகை பெரிதும் தீர்மானிக்கிறது. கீலில் திரும்பி மூடும் ஜன்னலைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்க முடியும்; சுற்றிலும் உள்ள ரப்பர் பட்டை நசுங்கி இடுக்கை முழுமையாக அடைக்கும். தள்ளி மூடும் ஜன்னலில் கதவுகள் தண்டவாளத்தில் நகர வேண்டியிருப்பதால் இறுக்கம் என்பதே இல்லை. அதில் பொருத்தப்படும் தூரிகை போன்ற மயிர்ப்பட்டை தூசியை ஓரளவு தடுக்கும், ஒலியைத் தடுக்காது. ஜன்னலையே மாற்றும் நிலை வந்தால், கண்ணாடியின் தடிமனைப் பற்றிக் கேட்பதற்கு முன் அது தள்ளு ஜன்னலா, கீல் ஜன்னலா என்று கேளுங்கள். ஒட்டிக்கொள்ளும் பஞ்சு நுரைப் பட்டைகள் விரைவில் தட்டையாகிவிடும். குழல் வடிவில் உள்ளீடற்று இருக்கும், இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் ஆன பட்டைகள் பல ஆண்டுகள் தங்கள் மீள்தன்மையை இழப்பதில்லை.

அடுத்தது கண்ணாடி. ஒரு தடுப்பு எவ்வளவு ஒலியை நிறுத்தும் என்பதை அதன் ஒரு சதுர மீட்டர் எடையே முதன்மையாகத் தீர்மானிக்கிறது. அந்த எடை இருமடங்கானால் கோட்பாட்டின்படி 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும், நடைமுறையில் அதைவிடச் சற்றுக் குறைவு. 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோதான். ஒற்றைக் கண்ணாடி சரியாக அடைக்கப்பட்டிருந்தால் சுமார் 29, 30 டெசிபல் தடுக்கும். 6 மில்லிமீட்டருக்கு மாற்றினால் இரண்டு டெசிபல் கூடும். அதோடு, ஒவ்வொரு தடிமனுக்கும் ஓர் அதிர்வெண்ணில், கண்ணாடி வளைந்து நெளியும்போது அதில் ஓடும் அலை காற்றிலுள்ள ஒலியலையோடு ஒத்துப்போய், அந்த இடத்தில் தடுப்பு சரிந்துவிடுகிறது; 4 மில்லிமீட்டருக்கு அது 3,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3,000 அதிர்வுகள்) அருகிலும், 6 மில்லிமீட்டருக்கு 2,000 ஹெர்ட்ஸ் அருகிலும் அமைகிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மென்மையான பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்ட லேமினேட்டட் கண்ணாடியில் அந்தப் படலம் அதிர்வை விழுங்கிவிடுவதால் இந்தச் சரிவு பெருமளவு மறைகிறது. ஒரே தடிமனில் சாதாரணக் கண்ணாடியையும் லேமினேட்டட் கண்ணாடியையும் வைத்தால் பின்னதையே நான் பரிந்துரைப்பேன்.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்றாலே சத்தம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெப்பத்தைத் தடுப்பதற்காக உருவான ஏற்பாடு அது. 4 மில்லிமீட்டர் கண்ணாடிகள் இரண்டை 12 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால், நடுவே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லாகச் செயல்பட்டு இரண்டு கண்ணாடிகளையும் இணைத்து ஆட்டுகிறது. ஏறத்தாழ 245 ஹெர்ட்ஸ் அருகில் இரண்டும் சேர்ந்து அதிர்ந்து ஒலியைத் தாராளமாக உள்ளே விடுகின்றன. வாகன இரைச்சலின் கனமான பகுதி அந்த அதிர்வெண்ணிலும் அதற்குக் கீழும்தான் இருக்கிறது. அதனால் எடை இருமடங்காகியும், இத்தகைய ஜன்னல் சாலை இரைச்சலுக்கு ஒற்றைக் கண்ணாடியைவிடப் பெரிதாக மேம்பட்டதில்லை. அதே இரண்டு கண்ணாடிகளை 100 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால் அந்த ஒத்ததிர்வு 85 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதற்கு மேலுள்ள அதிர்வெண்களில் தடுப்பு வேகமாக உயரும். இருக்கும் ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, அதன் உட்புறத்தில் 100 முதல் 150 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு தனி ஜன்னலைப் பொருத்துவதுதான், என் மதிப்பில், சாலையோர அறைக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஒற்றை வேலை. உட்புற ஜன்னலின் கண்ணாடி வெளிப்புறத்தின் தடிமனிலிருந்து வேறுபட்டிருக்கட்டும், அப்போது இரண்டின் சரிவுகளும் ஒரே அதிர்வெண்ணில் விழாமல் இருக்கும். இரு சட்டங்களும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். இடைவெளியைச் சுற்றிய பக்கச் சுவர்களில் உறிஞ்சும் பொருளை ஒட்டினால் இன்னும் சில டெசிபல் கிடைக்கும். நுரைப் பலகை வாங்கி வைத்திருந்தால் அதற்கு ஏற்ற இடம் இதுதான். நன்கு அடைக்கப்பட்ட இத்தகைய ஏற்பாடு 40 டெசிபலைத் தாண்டும்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதவர்கள், ஜன்னலின் உட்புறச் சட்டத்தில் காந்தப் பட்டையால் பிடிக்கும் தெளிவான அக்ரிலிக் தகட்டைப் பொருத்தலாம். அக்ரிலிக் கண்ணாடியின் பாதி அடர்த்தியே உடையது. 6 மில்லிமீட்டர் அக்ரிலிக், எடையில் 3 மில்லிமீட்டர் கண்ணாடிக்குச் சமம். எனவே அதன் பயன் எடையால் வருவதைவிட, இடைவெளியாலும் சுற்றிலும் இடுக்கின்றி ஒட்டி நிற்பதாலும் வருகிறது. இரவில் மட்டும் பொருத்திக் காலையில் எடுத்துவிடும்படி, தடிமனான மரப்பலகையின் ஓரமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி ஜன்னல் குழிக்குள் இறுகப் பொருந்தும் மூடி ஒன்றைச் செய்துகொள்பவர்களும் உண்டு. எளிய வேலை, நல்ல பலன். ஆனால் தீ போன்ற அவசரத்தில் வெளியேற அந்த ஜன்னல்தான் வழி என்றால் ஒற்றைக் கையால் சட்டென்று எடுக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

கதவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே வெற்றிடமுள்ள கதவுகள் 20 டெசிபல் அளவிலேயே தடுக்கும். முழுக்க மரமாலான கனமான கதவைப் போட்டு நான்கு ஓரமும் அடைத்தால் 28, 30 வரை போகலாம். மூன்று ஓரங்களுக்கு ரப்பர் பட்டை போதும். அடிப்பகுதிக்கு, கதவை மூடும்போது தானாக இறங்கித் தரையைத் தொட்டு, திறக்கும்போது மேலே ஏறிக்கொள்ளும் பட்டை கிடைக்கிறது. அது இல்லையென்றால் தாழ்வான வாசற்படிக் கட்டை ஒன்றும் அதில் அழுந்தும் ரப்பரும் வேண்டும். கதவின் மேல் இன்னொரு பலகையை அறைந்து கனமாக்க நினைத்தால், கீல்கள் அந்த எடையைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு பக்கத்து வீட்டுப் பேச்சு பொதுச் சுவர் வழியாகவே வருகிறது என்று உறுதியானால்தான் சுவரில் கை வைக்க வேண்டும். அங்கே செய்ய வேண்டியது, பழைய சுவரைத் தொடாமல் சில சென்டிமீட்டர் தள்ளித் தரைக்கும் கூரைக்கும் இடையே தனிச் சட்டம் ஒன்றை நிறுத்தி, அதன் இடையில் ராக் வூல் (பாறை இழைக் கம்பளி) அல்லது கண்ணாடிக் கம்பளியை நிரப்பி, அறைப் பக்கத்தில் ஜிப்சம் பலகைகளை இரண்டு அடுக்காக, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி பொருத்தி, நான்கு ஓரமும் சீலன்ட்டால் அடைப்பதாகும். அறையில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் போய்விடும். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஜிப்சம் பலகையைப் பழைய சுவரில் பசைத் திட்டுகளால் நேராக ஒட்டினால், அந்தச் சிறு இடைவெளியின் ஒத்ததிர்வு மனிதக் குரலின் அதிர்வெண்களுக்கு அருகே விழுந்து, பேச்சு முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும் நிலையும் வரலாம். முறையாகச் செய்தாலும் ஓர் எல்லை உண்டு: தரைத்தளம், கூரைத்தளம், பக்கச் சுவர்கள் ஆகியவற்றின் வழியாகச் சுற்றி வரும் ஒலியை இந்தப் புதிய சுவர் தடுக்காது.

அதிர்வுச் சத்தத்துக்கு உங்கள் அறையில் செய்யக்கூடியது மிகக் குறைவு. அது பிறக்கும் இடத்தில்தான் அடக்க வேண்டும். மேல்தளத்தில் தடிமனான விரிப்பும் நாற்காலிக் கால்களில் ரப்பர் உறைகளும் போட வைப்பது, உங்கள் பக்கத்தில் அமைக்கும் பொய்க்கூரையைவிடப் பெரும்பாலும் அதிகம் பயன் தரும். தண்ணீர் மோட்டாரோ குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியோ உறுமினால், அதன் எடைக்கு ஏற்ற ரப்பர் அல்லது சுருள்வில் தாங்கிகளின் மேல் அதை உட்கார வைக்க வேண்டும். குழாய்கள் சுவரைத் தொடும் இடங்களிலும் ரப்பர் வளையம் இட வேண்டும், இல்லையேல் அடியில் தடுத்த அதிர்வு குழாய் வழியாக ஏறிவிடும். மிகத் தாழ்ந்த உறுமல் ஒன்று மட்டும் மிஞ்சினால் கட்டிலை இடம் மாற்றிப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர்; அறையின் அளவுக்கே நெருங்கிய நீளம் அது என்பதால், அறைக்குள் சில இடங்களில் உறுமல் பெருகியும் சில இடங்களில் மெலிந்தும் நிற்கும். மூலைகளில் அது எப்போதும் வலுவாக இருக்கும். தலைமாட்டை மூலையிலிருந்து நகர்த்தினாலே வேறுபாடு தெரிவதுண்டு.

கனமான திரைச்சீலை உயர்ந்த கீச்சொலிகளைச் சிறிது மழுக்கும், வாகன உறுமலுக்கு ஒன்றும் செய்யாது. புத்தக அலமாரி சுவர் முழுவதையும் மறைத்து நின்றால் சிறிது உதவலாம். ஒற்றை வரிசை மரங்களும் செடி வேலியும் சாலையை மறைப்பதால் மனத்துக்கு இதமாக இருக்குமே தவிர ஒலியைக் குறைக்கா. அளவிடத்தக்க குறைவு வேண்டுமானால் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அடர்ந்த மரத்தொகுதி வேண்டும். இடுக்கற்ற மதில், வாகனங்களுக்கும் ஜன்னலுக்கும் இடையிலான நேர்ப்பார்வையை மறைத்தால் 5 டெசிபல் அளவில் பயன் தரத் தொடங்கும், ஆனால் மாடி அறைக்கு அது எட்டாது. மாடியில் பால்கனி இருந்தால், கம்பிக் கைப்பிடியை இடைவெளியற்ற தடுப்பாக மாற்றி, பால்கனிக் கூரையின் அடிப்பக்கத்தில் வெளிப்புறத்துக்கு ஏற்ற உறிஞ்சும் பலகையைப் பொருத்துவது நல்ல யோசனை; கீழிருந்து வரும் ஒலி அந்தக் கூரையில் பட்டு ஜன்னலை நோக்கித் திரும்புவது அதனால் குறையும்.

இந்த ஏற்பாடுகளெல்லாம் ஜன்னல் மூடியிருக்கும் வரைதான். ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தாலும் வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வேறுபாடு 15 டெசிபல் என்ற அளவுக்கு இறங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களும் அந்த எண்ணையே எடுத்துக்கொள்கின்றன. எல்லாவற்றையும் அடைத்த அறையிலோ காற்று தேங்கிக் கரியமில வாயு கூடும். எரிவாயுவையோ விறகையோ எரிக்கும் அடுப்பு, வெந்நீர்க் கலன், கணப்பு எதுவாவது அந்த அறையிலோ அதனோடு இணைந்த இடத்திலோ இருந்தால், காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். மற்ற அறைகளிலும் காற்றுக்கு வழி வேண்டும். உட்புறமெல்லாம் உறிஞ்சும் பொருள் ஒட்டி, காற்று இரண்டு மூன்று முறை வளைந்து செல்லும்படி அமைத்த பெட்டியைச் சுவர்த் துளையில் பொருத்தினால், காற்று வளைந்து உள்ளே வந்துவிடும், ஒலி ஒவ்வொரு திருப்பத்திலும் உறிஞ்சப்பட்டு மெலிந்துவிடும். அமைதியாக ஓடும் சிறு விசிறியுடன் ஆயத்தமாகவும் இவை கிடைக்கின்றன. வீட்டின் அமைதியான பக்கத்திலிருந்து காற்றை இழுக்க முடிந்தால் அதுவே மேல். அப்படிப்பட்ட பக்கத்தில் வேறு அறை இருந்தால், படுக்கையை அங்கே மாற்றிவிட முடியுமா என்றும் பாருங்கள். இந்தப் பதிலில் உள்ள எந்தக் கட்டுமான வேலையும் அந்த மாற்றத்துக்கு எளிதில் ஈடாகாது.

மிஞ்சுகிற சத்தத்துக்குக் கடைசியாக இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, விசிறியின் இரைச்சல் போன்ற சீரான மெல்லிய ஒலியைத் தலைமாட்டில் இருந்து சற்றுத் தள்ளி வைப்பது. உறக்கத்தைக் கலைப்பது சத்தத்தின் சராசரி அளவைவிட அது திடீரென்று எழும் உயரம் என்பதால், பின்னணி சிறிது உயர்ந்தால் தொலைவில் ஒலிக்கும் ஹாரன் அதில் அமிழ்ந்துவிடும். ஜன்னலைச் சரிசெய்வதற்கு முன் இதைச் செய்தால் ஒலியளவைத் தொல்லை தரும் அளவுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். பின்பு செய்தால் மெல்லிய அளவே போதும். இரண்டாவது, காதுகளையே மூடிக்கொள்வது. இரைச்சலுக்கு நேர்மாறான ஒலியலையை உருவாக்கி அதை நீக்கும் தலையணி ஒலிக்கருவிகள் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தொடர்ச்சியான உறுமலில் திறமையானவை, பேச்சிலும் திடீர்ச் சத்தத்திலும் அவ்வளவாக இல்லை. நுரைக் காதடைப்பான்கள் எல்லா அதிர்வெண்களிலும் உதவும், ஆனால் உறையில் அச்சிட்ட எண் ஆய்வகத்தில் சரியாகப் பொருத்தி அளந்தது. சாதாரணமாகப் பயன்படுத்துவோருக்கு அதில் பாதியளவே கிடைப்பதும் உண்டு. அடைப்பானை விரல்களால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே செலுத்தி, அது விரிந்து முடியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்தி வைத்திருந்தால் அந்தக் குறையில் பெரும்பகுதி சரியாகிவிடும். விழிப்பு மணியும் தீ எச்சரிக்கை ஒலியும் அதற்குப் பிறகும் கேட்கின்றனவா என்று முதல் நாளே சோதித்துக்கொள்ளுங்கள்.